கட்டுக்காரம்மாவின் கோபம்

அந்த அம்மாவின் கை பூ மாதிரி இருக்கும், வாயைத் திறந்தால் தேன் சொட்டும் என்று இப்போது எங்கள் சேரியில் யாராவது சொல்லக் கேட்டால் எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது. சொல்கிறவர்களில் பாதிப் பேர் அவரிடம் முகத்தில் அறைந்த மாதிரி திட்டு வாங்கியவர்கள். செத்துப்போனவர்களுக்கு மெருகு பூசி அழகு பார்ப்பதில் நம் ஜனங்களுக்கு ஈடு கிடையாது. அவருடைய கை காய்த்துப் போய் உப்புத்தாள் மாதிரி சொரசொரவென்று இருக்கும். வாயைத் திறந்தால் நெருப்புத்தான். எட்டு வருஷம் அவரைப் பார்த்தேன். ஒருநாளாவது அவர் கோபம் தணிந்து நான் கண்டதில்லை.

எல்லோரும் கட்டுக்காரம்மா என்றுதான் கூப்பிடுவோம். புண்ணுக்குக் கட்டுப் போடுகிறவர் என்பதால் அந்தப் பெயர். வேலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு வருஷம் புண் கழுவிக் கட்டுகிற வேலை பார்த்துவிட்டு, ஆம்பூருக்குப் பக்கத்தில் பாலாற்றங்கரையில் தோல் பதனிடும் ஷாப்புகளை ஒட்டியிருந்த எங்கள் சேரிக்குத் தம்பி வீட்டோடு வந்து சேர்ந்தார். முதல் உலகச் சண்டை முடிந்து சில வருஷம் ஆகியிருந்தது. பட்டாளத்துப் பூட்ஸுக்காகப் பெருத்த தோல் ஷாப்புகள் சண்டை நின்ற பிறகும் இளைக்கவில்லை. அம்மாவுக்கு அப்போது நாற்பது வயது இருக்கும். குட்டையான உருவம். ரவிக்கைக் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு, யாரையோ அடிக்கப் போகிறவர் போலத்தான் எப்போதும் நடப்பார்.

சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கித் தோலைப் புரட்டுகிறவர்களின் விரல்களைச் சுண்ணாம்பு தின்னும். பார்த்தால் பொட்டு அளவு துளைதான். உள்ளே எலும்பு வரைக்கும் போயிருக்கும். சோற்றைப் பிசைய முடியாமல் போன பிறகுதான் ஆட்கள் அவரைத் தேடி வருவார்கள்.

"எத்தினி நாளாச்சு?" என்பார்.

"பத்து நாளு இருக்கும்க்கா."

"பத்து நாளா இன்னா பண்ணிக்கினு இருந்தே?"

"பொறுத்துக்கினு இருந்தேங்க்கா."

அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தை அவர் காதில் விழுந்தால் போதும்.

"பொறுத்துக்கினு இருந்தியா? உன்ன யாருடா பொறுத்துக்கச் சொன்னது? மாடு கூட வலிச்சா ஒதைக்குது. நீ இன்னாத்துக்கு மனுசன்னு ரெண்டு கால்ல நடக்கறே?"

வாய் இப்படிப் பொரிந்துகொண்டிருக்கும். கை மட்டும் கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரில் புண்ணைக் கழுவி, மருந்து வைத்து, துணியைச் சுற்றி, முடிச்சுப் போட்டு முடித்திருக்கும். யாரிடமும் எதுவும் வாங்கமாட்டார். ஒருத்தி நன்றிக்கு ஒரு பூசணிக்காயைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "இத்த ஆக்கி உன் புருசனுக்குப் போடு. அவன் வெரல்லதான் சதை போச்சு, என் வெரல்ல இல்ல" என்று காயோடு திருப்பி அனுப்பினார். ஒரு கிழவர் குனிந்து காலைத் தொடப் போனார். அம்மா பாம்பைக் கண்டது போலக் காலை இழுத்துக்கொண்டு, "நிமிரு! நாளு பூரா தொட்டில குனிஞ்சது பத்தாதா? இங்க வந்தும் குனியணுமா?" என்று கத்தினார். கிழவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதற்கும் திட்டினார்.

நான் அந்தச் சேரியின் கத்தோலிக்கக் கோயிலுக்கு உபதேசியார். பாதிரிச் சாமியார் மாதம் ஒருமுறை வந்து பூசை வைத்துவிட்டுப் போவார். மற்ற நாளெல்லாம் செபம் சொல்வதும், பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் கற்றுக்கொடுப்பதும், செத்தவர்களைப் புதைப்பதும் என் வேலை. அப்போது எனக்கு இருபத்தாறு வயது. எல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒருமுறை என் முதுகில் வந்த கட்டியை அவர் கீறிவிட்டுக்கொண்டிருந்தபோது கேட்டேன். "ஏம்மா, எப்பப் பாத்தாலும் இப்படிக் கோவப்படறீங்க? பொறுமை பெரிய புண்ணியம்னு நான் பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுக்கிறேன். நீங்க வந்து கெடுக்கறீங்க."

கத்தி நின்றது. பின்னாலிருந்து குரல் வந்தது.

"என் ஊட்டுக்காரரும் தோல் ஷாப்புலதான் வேலை செஞ்சாரு. அப்போ நான் ஆஸ்பத்திரி வேலைக்குப் போவல. கால்ல எலும்புத் துண்டு குத்திச்சு. வீங்கிப்போச்சு. ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போடீன்னு கேட்டாரு. ஞாயித்துக்கிழம வரிக்கும் பொறுத்துக்கோன்னு சொன்னேன். நான்தான் சொன்னேன். சனிக்கிழம செத்துட்டாரு."

பிறகு கட்டியை அழுத்தினார். நான் அலறினேன். "ஆங், கத்து. நல்லாக் கத்து" என்றார்.

எங்கள் கோயிலுக்கு பர்த்தலோமேயார் சொரூபம் வந்தது அவர் வந்த இரண்டாவது வருஷம். அதுவரை அது பெயர் இல்லாத ஓலைக் கொட்டகை. ஷாப்பு மேஸ்திரி எங்கள் வேதக்காரர்தான். அவர்தான் முதலாளியிடம் போய், தோல் வேலைக்காரர்களுக்கென்றே ஒரு புனிதர், ஓர் அர்ச்சியசிஷ்டவர் இருக்கிறார், அவருக்குத் திருநாள் எடுத்தால் ஆட்கள் ஒழுங்காக இருப்பார்கள் என்று சொல்லியிருக்கிறார். முதலாளி மேல்விஷாரம் பக்கத்து முஸ்லிம் பெரியவர். அடுத்தவர் சாமியையும் மதிக்கிறவர். சரி என்றார். சென்னைப்பட்டணத்திலிருந்து ரயிலில் வைக்கோல் சுற்றி சொரூபம் வந்து இறங்கியது. கூடவே கோயிலுக்கு ஓடும் போட்டுக் கொடுத்தார்கள்.

பர்த்தலோமேயார் கர்த்தரின் சீடர் பன்னிரண்டு பேரில் ஒருவர். கிழக்கே தூர தேசங்களுக்குப் போய் வேதம் போதித்தார். இந்தியாவுக்கே வந்தார் என்றும் சொல்வார்கள். ஒரு ராஜாவின் மகளைப் பிடித்திருந்த நோயைக் குணமாக்கினார். அதைப் பொறுக்காத ராஜாவின் தம்பி அவரை உயிரோடு தோலுரிக்க வைத்தான். அதனால்தான் தோல் பதனிடுகிறவர்களுக்கு அவர் பாதுகாவலர். தோல் வியாதிக்காரர்களும் அவரை வேண்டிக்கொள்வார்கள். எங்கள் சொரூபத்தில் ஒரு கையில் கத்தி. மறுகையில், மடித்துப் போட்ட துண்டு மாதிரி, அவருடைய சொந்தத் தோல்.

எங்கள் ஆட்கள் அந்தத் தோலைத்தான் முதலில் பார்த்தார்கள். "ஒரு கிழிசல் இல்லாம உரிச்சிருக்கான் பாரு" என்றான் ஒருவன். யாரும் சிரிக்கவில்லை.

கட்டுக்காரம்மா கடைசியாக வந்தார். இடுப்பில் கைவைத்து வெகுநேரம் பார்த்தார்.

"உபதேசியாரே, உரிச்சவன் கையில இருக்கவேண்டிய கத்தி இவரு கையில ஏன் கீது?"

"அது அடையாளம்மா. எப்படிச் செத்தார்னு ஜனங்க தெரிஞ்சுக்கணும் இல்ல?"

"அப்போ உரிச்சவனையும் பக்கத்துல நிக்க வெச்சிருக்கணும். அவன வுட்டுட்டு உரிபட்டவன் கையிலயே கத்தியக் குடுத்துட்டீங்க."

"தெய்வ நிந்தனை பேசாதீங்கம்மா."

"சாமி மேல எனக்குக் கோவம் இல்ல" என்றார். "அவரு கத்தியிருப்பாரு. தோலை உரிச்சா கத்தாம எவன் இருப்பான்? கதை எழுதனவன்தான் அத்த வுட்டுட்டான்."

அதற்குச் சில மாதங்கள் முன்பிருந்தே அவர் மேஸ்திரியிடம் ஒரே விஷயத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். வேலை முடிந்து வெளியே வரும் வாசலில் நல்ல தண்ணீர்த் தொட்டி ஒன்று வேண்டும், கையைக் காலைக் கழுவ. பச்சைத் தோலைத் தோளில் சுமக்கிறவர்களுக்குக் கழுத்துவரை மூடுகிற தடித்த துணி வேண்டும். சொரூபம் வந்த பிறகு மேஸ்திரிக்குப் பதில் சுலபமாகிவிட்டது. "சாமியே வந்துட்டாரு. தொட்டி எதுக்கு?" என்று சிரித்தார்.

சொரூபத்தின் முன் எரியும் விளக்கின் எண்ணெயைச் சின்னச் சீசாவில் எடுத்து, கேட்பவர்களுக்குப் புண்ணில் தடவிவிடுவது என் வழக்கமாயிற்று. இரண்டு மூன்று பேருக்கு ஆறியது. தானாக ஆறும் புண்ணாக இருந்திருக்கும். எண்ணெய்க்குப் பெயர் வந்தது. எனக்கும் பெயர் வந்தது. நான் யாரையும் ஏமாற்றவில்லை. நம்பித்தான் தடவினேன். அதுதான் இன்றைக்கும் என்னைக் குடைகிறது. ஏமாற்றியிருந்தால் அகப்பட்டுக்கொள்வோமோ என்ற பயத்திலாவது நிறுத்தியிருப்பேன்.

சவரிமுத்து ஸ்டேஷனில் வந்து இறங்கும் பச்சைத் தோல் கட்டுகளை ஷாப்புக்குத் தூக்கி வருகிறவன். நல்ல உடற்கட்டு. திருநாளில் சப்பரத்துக்கு முன்கொம்பு பிடிப்பவன் அவன்தான். சொரூபம் வந்த மூன்றாவது வருஷத் திருநாளுக்கு நான்கு நாள் முன்னால் கோயிலுக்கு வந்து கழுத்தைக் காட்டினான். சின்னக் கொப்புளம். நடுவில் கரி வைத்தாற்போலக் கறுப்பு.

"வலிக்குதா?" என்றேன்.

"வலியே இல்ல உபதேசியாரே. கொஞ்சம் அரிப்புதான்."

வலி இல்லாதது நல்லதென்று இருவரும் நினைத்தோம். எண்ணெய் தடவினேன். கட்டுக்காரம்மா மருந்தும் துணியும் வாங்கி வர வேலூர் போயிருந்தார். அடுத்தடுத்த நாளும் சவரிமுத்து வந்தான். கறுப்பு பெரிதாகியிருந்தது. சுற்றிலும் வீக்கம். காய்ச்சலும் இருந்தது. ஆனால் வலி இல்லை. "சாமி வலிய எடுத்துட்டாரு" என்று அவன் சொன்னபோது எனக்குப் பெருமையாக இருந்தது. அதை மறைக்க மாட்டேன்.

திருநாள் சாயங்காலம் சப்பரம் புறப்பட்டது. தாடைவரை வீங்கிய கழுத்தோடு சவரிமுத்துதான் முன்கொம்பு பிடித்தான். நான் எண்ணெய்ச் சீசாவோடு முன்னால் பாடிக்கொண்டு போனேன். ஷாப்பு வாசலில் முதலாளி மாலையோடு நின்றிருந்தார். எதிரே ஸ்டேஷன் பாதையிலிருந்து தகரப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு கட்டுக்காரம்மா வந்தார். சவரிமுத்துவின் கழுத்தைப் பார்த்ததும் பெட்டியைக் கீழே போட்டார்.

"எறக்கு! சப்பரத்த எறக்குங்கடா!"

மேஸ்திரி பாய்ந்து வந்தார். "இன்னா கலாட்டா பண்றே? மொதலாளி மாலையோட நிக்கிறாரு. மொதல்ல வாசல் வரிக்கும் போவட்டும்."

அம்மா அவரைத் தள்ளிவிட்டுக் கொம்பின் கீழே புகுந்து சவரிமுத்துவைக் கையைப் பிடித்து வெளியே இழுத்தார். சப்பரம் சாய்ந்தது. பெண்கள் கூவினார்கள். நான்கு பேர் ஓடிவந்து தாங்கிக்கொண்டார்கள்.

"எத்தினி நாளா கீது இது?"

"நாலு நாளாக்கா. வலி இல்ல. உபதேசியாரு எண்ணெய்..."

அவர் என் பக்கம் திரும்பினார். என் கையிலிருந்த சீசாவைப் பிடுங்கி, எல்லோரும் பார்க்கத் தலைகீழாகக் கவிழ்த்து, கடைசிச் சொட்டு வரைக்கும் மண்ணில் கொட்டினார்.

அதற்குள் முதலாளி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்துவிட்டார். சவரிமுத்துவின் கழுத்தைக் கண்டதும் அவர் முகம் மாறியது. "யா அல்லா" என்றார். "மேஸ்திரி, பேஜார் பண்ணாதே. என் வண்டியக் கட்டச் சொல்லு. சீக்கிரம்!"

வேறு யாராக இருந்தாலும் அந்த நேரத்தில் கும்பிட்டிருப்பார்கள். கட்டுக்காரம்மா அவர் எதிரில் போய் நின்றார்.

"பாத்த ஒடனே தெரிஞ்சிச்சு இல்ல உங்களுக்கு? இது இன்னா புண்ணுன்னு தெரியும். எங்கேர்ந்து வருதுன்னும் தெரியும். தெரிஞ்சவங்க சுமக்கறவன்கிட்ட ஒரு வார்த்தை சொன்னீங்களா? சாமிய மட்டும் வாங்கிக் குடுத்தீங்க."

முதலாளி தலையைக் குனிந்துகொண்டார். மாலை இன்னும் கையில் இருந்தது.

நானும் கூடப் போனேன். வண்டியில் ஸ்டேஷன், அங்கிருந்து ரயிலில் காட்பாடி, பிறகு ஜட்காவில் வேலூர். பச்சைத் தோலிலிருந்து வருகிற விஷம், ரத்தத்தில் கலந்துவிட்டது, மூன்று நாள் முன்னால் வந்திருந்தால் வெட்டியெடுத்து ஊசி போட்டுப் பார்த்திருக்கலாம் என்று டாக்டரம்மா சொன்னார். செவ்வாய்க்கிழமை காலையில் சவரிமுத்து செத்தான். கடைசிவரை வலிக்கவில்லை என்றே சொன்னான். திரும்பி வரும் வழியெல்லாம் கட்டுக்காரம்மா என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மேஸ்திரி சும்மா இருக்கவில்லை. சாமியாருக்குச் செய்தி போயிற்று. சப்பரத்தைச் சாய்த்தாள், மந்திரித்த எண்ணெயை மண்ணில் கொட்டினாள். அடுத்த மாதம் சாமியாரிடமிருந்து கடிதம் வந்தது. சபைக்கு முன்னால் முழந்தாளிட்டு மன்னிப்புக் கேட்கும்வரை அவருக்கு நற்கருணை, பாவசங்கீர்த்தனம் முதலிய தேவதிரவிய அனுமானங்கள் கிடையாது. அதை ஞாயிற்றுக்கிழமை செபத்துக்குப் பிறகு நான் வாசிக்க வேண்டும்.

வாசித்தேன். மறுத்திருக்கலாம். வாசித்தேன்.

பெண்கள் பக்கத்திலிருந்து அவர் எழுந்தார். "சரியாக் கேக்கல. இன்னொரு தபா படி" என்றார்.

இரண்டாவது முறையும் வாசித்தேன்.

"எண்ணெயக் கொட்டினதுக்கு நான் மன்னிப்புக் கேக்கணும். சரி. எண்ணெயத் தடவினதுக்கு நீ சவரிமுத்து பொண்டாட்டிகிட்ட கேட்டியா?"

கேட்கவில்லை. கோயில் முழுக்க என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் வெளியே போய்விட்டார்.

மூன்று மாதம் கழித்துத்தான் எனக்குத் துணிவு வந்தது. சவரிமுத்துவின் மனைவி முறத்தில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். சொல்லவேண்டியதைச் சொன்னேன். அவள் முறத்தைக்கூட இறக்கவில்லை. "நீங்க இன்னா பண்ணுவீங்க உபதேசியாரே. எண்ணெ வெச்ச அன்னிக்கு அவரு நிம்மதியாத் தூங்கினாரு. எல்லாம் சாமி சித்தம். பொறுத்துக்க வேண்டியதுதான்" என்றாள். அவள் என் முகத்தில் காறித் துப்பியிருக்கலாம். அந்தப் பொறுமையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கட்டுக்காரம்மா இத்தனை வருஷமாக எதன் மேல் கோபப்பட்டார் என்பது அந்த முற்றத்தில் நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. அவள் மேலும் இல்லை, சாமி மேலும் இல்லை. அவளுக்கு அப்படிப் பேசக் கற்றுக்கொடுத்த என் மேல்.

தோல் சுமக்கிறவர்கள் சவரிமுத்து செத்த வாரமே கட்டைத் தொடமாட்டோம் என்று ஷாப்பு வாசலில் உட்கார்ந்துவிட்டார்கள். அதுவரை அந்த ஊரில் நடக்காத காரியம். தூண்டிவிட்டது யார் என்று மேஸ்திரி விசாரித்தார். யாரும் தூண்டவில்லை. வருஷக்கணக்காக வாங்கிய திட்டு உள்ளே வேலை செய்திருந்தது. நான்காம் நாள் முதலாளியே வந்து, தடித்த கித்தான் துணியும் தண்ணீர்த் தொட்டியும் தருவதாக ஒப்புக்கொண்டார். தொட்டி கட்டி முடிந்ததும் மேஸ்திரி அதில் பர்த்தலோமேயார் பெயரை எழுதி வைத்தார். மறுநாள் காலையில் கட்டுக்காரம்மா ஒரு கரண்டியோடு போய் அந்தப் பெயரைச் சுரண்டி எடுத்தார். "செத்தது சவரிமுத்து" என்றார். அவன் பெயரை எழுத யாருக்கும் தைரியம் வரவில்லை. அந்த இடம் வெறுமையாகவே இருந்தது.

அவர் முழந்தாளிடவே இல்லை. பூசையன்று கோயிலுக்கு வெளியே, சன்னல் ஓரமாக, வெயிலிலும் மழையிலும் நின்று முடியும்வரை பார்த்துவிட்டுப் போவார். கடைசிவரை அப்படித்தான். ஒரு மாசிமாதம் விஷக்காய்ச்சலில் நாலே நாளில் போய்ச் சேர்ந்தார். காய்ச்சல் கண்ட அன்றே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியவர் அவர் ஒருவர்தான். அப்படியும் பிழைக்கவில்லை. விலக்கப்பட்டவர்களைக் கல்லறைச் சுவருக்கு வெளியேதான் புதைக்க வேண்டும். நான் யாரையும் கேட்கவில்லை. உள்ளே, சவரிமுத்துவுக்குப் பக்கத்தில் குழி வெட்டச் சொன்னேன். செபம் முழுவதையும் சொன்னேன். இரண்டு வாரத்தில் என் உபதேசியார் வேலை போயிற்று. இப்போது அதே ஷாப்பில் தோல் பதனிடுகிற ஆவாரம்பட்டையை நிறுக்கிறேன்.

ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அவர் கல்லறையில் குழி விழ ஆரம்பித்தது. நரி என்று நினைத்தேன். ஜனங்கள்தான். கட்டுக்காரம்மா மண்ணைப் புண்ணில் வைத்தால் ஆறுகிறதாம். ஆம்பூரிலிருந்து மட்டுமல்ல, நாட்றம்பள்ளியிலிருந்துகூட வந்தார்கள். துணியில் முடிந்துகொண்டு போனார்கள்.

போன வருஷம் ஒரு மத்தியானம் கல்லறைக்குப் போனபோது, ஒரு மாமியார்க்காரி தன் மருமகளின் முழங்கையில் அந்த மண்ணைக் குழைத்துப் பூசிக்கொண்டிருந்தாள். மருமகள் ஆட்டுமயிர் பிரிக்கிற வேலை செய்பவள். மண்ணுக்கடியில் ஒரு கொப்புளம். நடுவில் கறுப்பு.

நான் எப்படி ஓடினேன் என்று எனக்குத் தெரியாது. மண்ணைத் தட்டிவிட்டேன். "எழுந்திரு" என்றேன். அவள் எழவில்லை. கையைப் பிடித்து இழுத்தேன்.

"வலிக்கவே இல்லியேண்ணே. ஏன் இழுக்கறீங்க?" என்று அழுதாள்.

"வலிக்காததாலதாண்டீ இழுக்கறேன்! நட!"

மாமியார் மண்ணை வாரி என் முதுகில் எறிந்தாள். "கட்டுக்காரம்மா உன் கண்ண அவிச்சிடும்டா பாவி" என்று ஸ்டேஷன்வரை சபித்துக்கொண்டே வந்தாள். நான் பதிலுக்குச் சபித்தேன். வழியில் நின்று பார்த்தவர்களையும் திட்டினேன். என் வாயில் அவ்வளவு வார்த்தை இருக்கிறதென்று அன்றுதான் தெரிந்தது.

வேலூரில் வெட்டியெடுத்து ஊசி போட்டார்கள். பதினெட்டு நாள் படுத்திருந்தாள். பிழைத்துவிட்டாள். முழங்கையில் பள்ளமாக ஒரு தழும்பு, அவ்வளவுதான்.

அவள் வீடு திரும்பிய மறுநாள் மாமியார் ஒரு மெழுகுவர்த்தியோடு கல்லறைக்கு வந்தாள். மருமகளைக் காப்பாற்றிய மண்ணுக்கு நேர்ச்சையாம். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, திரியைப் பற்றவைத்துத் தலைமாட்டில் நட்டாள். நான் போய் அதை ஊதி அணைத்தேன். அவள் மறுபடி ஏற்றினாள். நான் மறுபடி அணைத்தேன்.